பிசுக்கில்லாத டின்

மேல் டிவிஷன், ஆறாம் நம்பர் லயம்
12-3-79

அன்புள்ள வீரபாண்டி அண்ணனுக்கு, தங்கச்சி பூமாரி எழுதுறது.

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும். அஞ்சாங் கிளாஸ்ல வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்குடுத்தது. எனக்கு நலமும் இல்ல, எழுதக் கையும் வரல. நீங்களும் மதினியும் புள்ளைகளும் சௌக்கியமா இருந்தாச் சரி.

பாப்பா காதுகுத்துக்கு வந்து தாய்மாமன் சீரெல்லாம் குறையில்லாமச் செஞ்சீக. மறுநாள் காலையில மாலையும் கழுத்துமா பழனிக்கு பஸ் ஏறினீக. அன்னைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டு மொக்கையன் செத்தான். உங்க மாப்பிள்ளை நாலு நாள் நினைவில்லாமக் கெடந்து எந்திரிச்சாரு. எந்திரிச்சதோட சரி அண்ணே. கண்ணு தெரியலங்கிறாரு. பாத்தா கண்ணு பளிச்சுன்னு நல்லாத்தான் இருக்கு. நிப்பாட்டுன எடத்துல நிக்கிறாரு, உக்கார வச்சா உக்காந்தது உக்காந்தபடி. மூஞ்சியில சிரிப்புமில்ல அழுகையுமில்ல. வாயோரம் எந்நேரமும் வடியுது. தொடைச்சுத் தொடைச்சு என் முந்தானை நாறுது.

தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, வேலைக்கு வர வலிக்குது, நடிக்கிறான்"னுட்டாரு. தோட்டத்து வேலையை மேல்பாக்குற கண்டக்டர் வாசல்ல வந்து நின்னு கெடு வச்சுட்டுப் போயிருக்காரு. ஆவணி பொறக்குறதுக்குள்ள காலையில ஆள் எண்ணுற பிரட்டுல வந்து பேர் குடுக்கணும். இல்லாட்டி மூளை நெசமாவே கெட்டுப்போச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரி சீட்டு வேணும். ரெண்டும் இல்லன்னா பேரை வெட்டி, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாகளாம். வீடு அவரு பேருல. நான் டெம்பரவரிதான். சீட்டு வந்தா அவரு பேரை எனக்கு மாத்திக் குடுப்பாக, இல்லன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ரோட்டுலதான் நிக்கணும்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கே நடிப்போன்னுதான் தோணுது.

இன்னொண்ணு சொல்லணும், வெக்கமா இருக்கு. நீங்க சீர் கொண்டாந்த ரெண்டு நல்லெண்ணெய் டின்னுல ஒண்ணுதான் என் கைக்கு வந்துச்சு. இன்னொண்ணு கட்டிலுக்கடியில காலியாக் கெடந்தது. அண்ணன் வீட்டுச் சீரை வித்துக் குடிச்சிருக்காரு மானங்கெட்ட மனுசன்! அடிச் சொட்டுகூட விடல, கழுவுற வேலையே இல்லாம அம்புட்டுச் சுத்தம். நீங்க மனசுல வச்சுக்காதீக. அந்த டின்னைத்தான் வாயை வெட்டி, அவருக்கு ஒண்ணுக்குப் பிடிக்க வச்சிருக்கேன். வித்துத் தின்ன டின்னுலயே பேயட்டும்.

எல்லாம் அந்த மொக்கையன் கொண்டாந்து ரெண்டு பேரும் சேந்து குடிச்ச சாராயச் சனியன். காதுகுத்துக்கு முந்தின நாள் கம்பம்மெட்டு போய் வெத்தலை வாங்கியாந்தான்ல, அப்ப வாங்கிருக்கான். அவன் பொண்டாட்டி வேலுத்தாயி குழாயடிக்கு வந்தா, அவ குடத்துக்கு முன்னாலயே காறித் துப்புறேன். லயத்து வரிசை வீட்டுல எல்லாரும் துப்புறாக.

மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க.

தங்கச்சி
பூமாரி


கொல்லங்கோடு
24-3-79

அன்புத் தங்கை பூமாரிக்கு அண்ணன் வீரபாண்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் சாந்தம்மாளும் பிள்ளைகள் இருவரும் சுகமாய் இருக்கிறோம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாயிருக்க பழனியாண்டவரை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். கடையில் வேலை அதிகம். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டில், அலமாரி எல்லாம் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

எண்ணெய் போனது போகட்டும். அதைப் பெரிசு பண்ணாதே, மாப்பிள்ளையிடமும் கேட்காதே. அந்த டின் மட்டும் வேண்டாம் பூமாரி. வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும், துருப்பிடிக்கும். தூக்கி எறிந்துவிடு. எனாமல் பேசின் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டாம். கீழே யாராவது வைத்தியரிடம் வலிப்பு என்று ஒரு சீட்டு வாங்கிக் கொடு. குடித்த விஷயத்தை எழுத வேண்டாம், அது போலீஸில் போய் நிற்கும்.

இப்படிக்கு
வீரபாண்டி


மேல் டிவிஷன்
8-4-79

அண்ணனுக்கு பூமாரி எழுதுறது. நீங்க வேண்டிக்கிட்ட பழனியாண்டவர் இன்னும் எங்க லயத்துக்கு வரல. மத்தபடி பாப்பா சௌக்கியம், காதுல புண்ணு ஆறிருச்சு.

பேசின் வந்துச்சு. பூப்போட்ட பேசினு! அதுல போய் மூத்திரம் பிடிப்பாகளா? பாப்பாவுக்குச் சோறு பெசைய வச்சுக்கிட்டேன். டின்னு நல்லாத்தான் இருக்கு, விளிம்பைச் சுத்தியலால மடக்கி விட்டுட்டேன்.

அண்ணே, எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. காலையில எந்திரிச்சா அந்த நாத்தம். கொழுந்து பறிக்கப் போனாலும் கையில அந்த நாத்தம். சோத்தை அள்ளி வாய்கிட்ட கொண்டு போனா எனக்கே ஓங்கரிக்குது. இதுல அவரு வாயில வர்ற ஒரே வார்த்தை என்ன தெரியுமா? "சீ". நான் தொடைச்சு விடுறேன், என் மூஞ்சிக்கு நேரா "சீ"ங்கிறாரு. சோறு ஊட்டுறேன், "சீ"ங்கிறாரு. டின்னை எடுத்துட்டுப் போனா ரெண்டு தடவை, "சீ… சீ…". யாரு யாரைப் பாத்து சீன்னு சொல்றது? மூத்திரம் அள்ளுறவளைப் பாத்தா?

போன ஞாயித்துக்கிழமை தாங்கல. அகப்பையை எடுத்து நாலு போடு போட்டேன். கை ஓங்கினது தெரியாம, கண்ணைக்கூடச் சிமிட்டாம நின்னாரு. என்ன நடிப்புன்னு இன்னும் ரெண்டு போட்டேன். எழுதவே அசிங்கமா இருக்கு, ஆனா உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல?

வலிப்புன்னு சீட்டெல்லாம் செல்லாதாம். கண்டக்டர் கேக்குறது மூளைப் படம். மெடிக்கல் காலேஜ்ல எடுப்பாகளாம். ஆம்பளைத் துணையில்லாம நான் எப்படித் தூக்கிட்டுப் போக? ஒரு நாலு நாள் லீவு போட்டு வாங்க அண்ணே. உங்களைத் தவிர எனக்கு யாரு இருக்கா?

பூமாரி


கொல்லங்கோடு
20-4-79

அன்புத் தங்கைக்கு, இங்கு சாந்தம்மாளும் பிள்ளைகளும் நலம். எனக்குத்தான் பத்து நாளாக வயிறு சரியில்லை. உங்கள் நலத்துக்கு எழுது.

வர இயலவில்லை, மன்னித்துக்கொள். முதலாளி விடமாட்டேன் என்கிறார்.

மாப்பிள்ளையை அடிக்காதே பூமாரி. என்ன சொன்னாலும் அடிக்காதே. அவர் நடிக்கிறவர் இல்லை.

டின்னை எறிந்தாயா, எழுதவில்லையே. எறிந்துவிடு.

வீரபாண்டி


மேல் டிவிஷன்
2-7-79

அண்ணனுக்கு. வயிறு சரியாயிருச்சா? வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடிங்க. நாங்க உசுரோட இருக்கோம்.

கிட்டத்தட்ட மூணு மாசமா எழுதல. மெடிக்கல் காலேஜ்ல படுக்கை கிடைக்கவே வைகாசி முடிஞ்சு போச்சு. துணைக்கு யாரும் வரல. பஸ்ஸுல ஏத்தும்போது அந்தப் பக்கக் கையை யாரோ பிடிக்கிறாகன்னு பாத்தா வேலுத்தாயி. நான் கூப்பிடல. போடின்னும் சொல்ல முடியல, அம்புட்டுக் கனம் அவரு. பஸ்ஸுல அவ பக்கத்துல உக்கார எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே போனேன்.

அங்க எல்லாம் மலையாளம். டாக்டர் வந்து "எந்தா விஷமம்?"னாரு. நான் பதறிப்போயி, "ஐயோ விஷமெல்லாம் இல்ல சாமி, நான் ஒண்ணும் வைக்கல"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அவுக பாஷையில என்ன கஷ்டம்னு கேக்குறதாம். இந்த நேரத்துல இது ஒண்ணுதான் குறைச்சல் எனக்கு.

மூளைப் படம்னா போட்டோ மாதிரின்னு நெனச்சுட்டேன். அந்தக் கண்றாவியை எப்படி எழுத. முதுகெலும்புல ஊசியைச் சொருகி, உள்ள இருக்குற நீரை எடுத்துட்டு அந்த எடத்துல காத்தை ஏத்துறாக. காத்து தண்டு வழியா மண்டைக்கு ஏறுமாம். மனுசனை நாக்காலியோட வாரு போட்டுக் கட்டி, இப்படிக் கவுத்து அப்படிக் கவுத்து எக்ஸ்ரே எடுத்தாக. வெளிய வந்தவரு மூணு நாள் வாந்தி. நான் ஒரு பக்கம், வேலுத்தாயி ஒரு பக்கம் ஏந்தினோம். அவ கையில பட்டதை என் சேலையில தொடைக்கக் கூடாதுன்னு அவ சேலையிலயே தொடைச்சுக்கிட்டா.

இம்புட்டுக்கும் அப்புறம் சீட்டுல என்ன எழுதினாக? படம் நார்மல். ஒண்ணுமில்ல! கண்டக்டர் அதை வாசிச்சுட்டு, "நான் சொல்லல?"ன்னு சிரிக்கிறாரு. சீட்டை வெடுக்குன்னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஆனா அங்க இருந்த ஒரு சின்ன டாக்டர் தமிழ் பேசுவாரு. காத்துப் படத்துல மூளை சுருங்கிருக்கான்னுதான் தெரியும், உள்ளுக்குள்ள வெந்து போயிருந்தாத் தெரியாதுன்னாரு. வெளியூருல ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்காம். ஊசி கிடையாது, காத்து கிடையாது. மண்டையை அறுக்காமலே துண்டு துண்டா அறுத்த மாதிரி படம் வருமாம். இந்த மாதிரி குடிச்சுப் பிழைச்சவங்களைத் தேடிக்கிட்டிருக்காகளாம். ஆடி கடைசி வாரம் போகச் சொல்லிச் சீட்டு குடுத்திருக்காரு. இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணுமில்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பூமாரி


கொல்லங்கோடு
7-7-79

தங்கைக்கு. எல்லாரும் நலம். உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது, கிடைத்ததும் எழுதுகிறேன்.

அந்தப் புது மெஷினுக்குப் போகாதே. ஏழைகளை வைத்துப் பரீட்சை பார்ப்பார்கள். படம் எடுத்தால் எதைக் குடித்தான், யார் கொடுத்தது என்று குடைவார்கள். மொக்கையன் கொண்டு வந்தான் என்று ஊருக்கே தெரியும். செத்தவனைத் தோண்டி என்ன ஆகப் போகிறது?

வீடு போனால் போகட்டும். மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. பின்கட்டில் ஒரு அறை ஒழித்துத் தருகிறேன். ஆயுசுக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

டின்னை எறிந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

வீரபாண்டி


மேல் டிவிஷன்
26-8-79

அண்ணனுக்கு பூமாரி எழுதுறது. எல்லாரும் நலம்னு நீங்க எழுதினது சந்தோசம். எங்களுக்கு வீடு நின்னுருச்சு. அதை முதல்ல சொல்லிர்றேன்.

நீங்க போகாதன்னீக, நான் போனேன். இந்தத் தடவையும் வேலுத்தாயிதான் வந்தா. ரயில்ல ஒரு ராத்திரி ஒரு பகல். பெரிய மெஷினு, நடுவுல ஓட்டை. அதுக்குள்ள தலையை விட்டு, ஆடாம அசையாமப் படுக்கணும். மத்தவங்களுக்கு ஆடாம இருக்க மருந்து குடுப்பாகளாம். இவருக்கு அது தேவைப்படல. வச்ச தலை வச்சபடி இருந்துச்சு. மெஷின்காரரே, "இந்த மாதிரி படம் எனக்கு விழுந்ததேயில்ல"ன்னு சொன்னாரு. பெருமைப்படுறதா அழுறதான்னு தெரியல எனக்கு.

பெரிய டாக்டர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. குறுக்கால வெட்டுன பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு. நடுவுல ரெண்டு பக்கமும், அளந்து வச்ச மாதிரி, மொச்சைக்கொட்டை அளவுல ரெண்டு கருப்பு. அந்த எடம் செத்துப் போச்சாம். கை காலு மூஞ்சி நாக்கு எல்லாத்தையும் ஓட்டுற எடம் அதுதானாம். கண்ணு நரம்பும் செத்திருச்சு, அதனாலதான் கண்ணு பாக்க நல்லா இருந்தும் பார்வையில்ல. "இந்த ஆளு ஒரு நிமிசங்கூட நடிச்சதில்ல"ன்னாரு. "பேசணும்னு நினைக்கிறாரு. மொத எழுத்துதான் வெளிய வரும், மிச்சம் நாக்குலயே நின்னுரும்"னாரு. மலையாளத்து நர்ஸம்மா என் தோளைத் தொட்டு "விஷமிக்கண்டா"ன்னுச்சு. வருத்தப்படாதன்னு அர்த்தம்னு இப்பத் தெரியும். விஷந்தான் படத்துலயே கண்டாச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அண்ணே, நான் அவரை அடிச்சேனே. அகப்பையால அடிச்சேனே. எங்கையை வெட்டிப் போட்டாலும் தகும். என்னை நெனச்சாலே எனக்குக் குமட்டுது.

சீட்டு குடுத்தாக. கண்டக்டர் வாசிச்சு முடிக்கிறவரைக்கும் நிமிரவே இல்ல. வீடு எம்பேருக்கு மாறிருச்சு, நானும் பெர்மனெண்டு.

இன்னொண்ணு. சாராயம் குடிச்சா இப்படி ஆகாதாம். இது மரத்துக்குப் பளபளப்பு ஏத்துற ஸ்பிரிட்டாம். "உங்க எஸ்டேட்டுல மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுறவங்க யாராவது உண்டா?"ன்னு கேட்டாரு. எங்களுக்கு ஏது மரச்சாமான், யாருமில்ல சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரயில் ஏறி உக்காந்த பெறகுதான் உங்க நகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. காதுகுத்துல பாப்பாவை மடியில வச்சிருந்தீகளே, எம்புட்டுத் தேய்ச்சும் போகாத அந்தச் செவப்புக் கறை நகம்.

உங்க கடை ஸ்பிரிட்டு என்ன நெறம், என்ன மணம், எதுல ஊத்தி வைப்பீகன்னு ஒரு வரி எழுதுங்க.

பூமாரி


30-9-79

அண்ணனுக்கு. நலமா?

கார்டுல எழுதுறேன். போஸ்ட்மேன் படிச்சாப் படிக்கட்டும். ஒரு மாசமாச்சு, பதில் இல்ல. எண்ணெய் ஊத்துன டின்னுல பிசுக்கு சீயக்காய் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. இது பொம்பளைகளுக்குத் தெரியும். அந்த ரெண்டாவது டின்னுல மொத நாளே பிசுக்கு இல்ல. ஏன்?

பூமாரி


கொல்லங்கோடு
28-10-79

அம்மிணி பூமாரிக்கு உங்க மதினி சாந்தம்மாள் எழுதறதுங்க. எனக்கு எழுத்து வராதுங்க, பக்கத்தூட்டு ஜொஹரா நான் சொல்லச் சொல்ல எழுதறாங்க. பாப்பா நல்லாருக்குதுங்களா? அண்ணனைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னே தெரியிலீங்க.

அவுரு ஒரு மாசமா வேலைக்குப் போறதில்லீங்க. சோறும் நெம்ப எறங்கறதில்ல. உங்க கார்டு வந்த அன்னிக்கு ஜொஹராதானுங்க சத்தம் போட்டுப் படிச்சாங்க. கேட்டதும் வூட்டுக்குப் பின்னால பொடக்காளிக்கு ஓடி வாந்தி எடுத்தாரு.

எனக்கும் ஒண்ணு புரியிலீங்க. நீங்க ரெண்டாவது டின்னுங்கறீங்க. சீருக்கு என்ற கையால நான் எண்ணெய் ஊத்திக் குடுத்தது ஒரே டின்னுதானுங்களே? இன்னொண்ணு ஏதுங்க? அவுரு வாங்கியாந்த புதுக் காலி டின்னு ஒண்ணை நான் சாம்பல் போட்டுக் கழுவி வெச்சேன், அதுதானுங்களா? என்ன இருந்தாலும் மனசுல வெச்சுக்காம அண்ணனுக்கு ஆறுதலா ரெண்டு வரி எழுதுங்க அம்மிணி.

சாந்தம்மாள்


கொல்லங்கோடு
19-11-79

பூமாரி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்யதை இல்லை.

சாந்தம்மாள் எழுதிவிட்டாள். இனி என்ன ஒளிக்க? தங்கை மகள் காதுகுத்து, குடிக்க ஒன்றும் கொண்டு போகாவிட்டால் தாய்மாமனைப் பார்த்து ஆம்பிளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கடையில் பாலிஷுக்கு வரும் ஸ்பிரிட்டில் தண்ணீரும் எலுமிச்சையும் கலந்து இங்கே பலபேர் குடிப்பது வழக்கம். நானே குடித்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அந்த மாதம் வேறு பீப்பாய் வந்தது. பார்க்க ஒரே மாதிரி. எனக்குத் தெரியாது பூமாரி. நம் இரண்டு ஊரும் கேரளம் என்றாலும் வழியெல்லாம் தமிழ்நாடு, மதுவிலக்கு. பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள். அதனால் எண்ணெயே படாத புது எண்ணெய் டின் ஒன்றில் ஊற்றினேன். மாப்பிள்ளை கையில்தான் கொடுத்தேன். மொக்கையனை அவர்தான் கூப்பிட்டார். நான் மாலை போட்டிருந்ததால் குடிக்கவில்லை. குடித்திருந்தால் இன்றைக்கு நானும் போயிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

பழனியில் இருந்து திரும்பிக் கொஞ்ச நாளில் உன் முதல் கடிதம். அன்றே சொல்லியிருக்க வேண்டும். மொக்கையன் பெயர் அடிபடுகிறது என்று பார்த்ததும், நாக்கு எழவில்லை. செத்தவனுக்கு என்ன வலிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தோ போலீஸில் இருந்தோ கேட்டால் என் பெயரைச் சொல்லாதே. எனக்கு இரண்டு பிள்ளைகள். பாப்பாவை மடியில் வைத்திருந்த கை இது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வீரபாண்டி


மேல் டிவிஷன், ஆறாம் நம்பர் லயம்
9-12-79

வீரபாண்டி அண்ணனுக்கு,

அடுப்புல போடல.

உங்க கடுதாசியை வாசிச்சுட்டு உள்ள போயி அவரு முன்னால உக்காந்தேன். டின்னை அவரு கையில வச்சு, "இதை யாரு குடுத்தா?"ன்னு கேட்டேன். விரலால தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "சீ…"ன்னு. நான் எந்திரிக்கல. வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுது, உதடு கோணிச்சு, எச்சி வடிஞ்சுது. கடைசியில ஒரு "ர்" வந்துச்சு அண்ணே. சீர்.

பத்து மாசமா அந்த மனுசன் என்னைப் பாத்து சீன்னு சொல்லல. டின்னை எடுக்கும்போதெல்லாம் சீரு, சீருன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அதுக்குத்தான் நான் அகப்பையை எடுத்தேன். வித்துக் குடிச்சான்னு ஏசினேன். நீங்களும் "எண்ணெய் போனது போகட்டும், பெரிசு பண்ணாதே"ன்னு பெரிய மனசோட எழுதினீக. இல்லாத எண்ணெய்க்கு என்னை மன்னிச்சீகளே, த்தூ! அந்த வரியைத்தான் என்னால செரிக்க முடியல. விஷத்தைத் தெரியாமக் குடுத்தீக, அதைக்கூட விட்டுர்றேன். அதுக்கப்புறம் எழுதின ஒவ்வொரு கடுதாசியும் தெரிஞ்சே குடுத்தது.

மாலை போட்டா குடிக்கக் கூடாது, குடுக்கலாமா?

செத்தவனுக்கு என்ன வலிக்கும்னு கேட்டிருக்கீக. செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கா. பத்து மாசம் லயமே அவ குடத்துக்கு முன்னால துப்புச்சு. முதல்ல துப்பினவ நான். அவ அதைத் தாண்டித் தண்ணி பிடிச்சுட்டுப் போயி, எம்புருசனைத் தூக்க ரெண்டு தடவை வந்தா. அவ புருசன் கம்பம்மெட்டுல வெத்தலை மட்டுந்தான் வாங்கிருக்கான். அதையும் பாப்பா காதுகுத்துக்கு.

கூப்பிட்டேன். வந்தா. வாசப்படியிலயே நின்னா, பழக்கம். உள்ள வந்து உக்காருடின்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உங்க கடுதாசி பூராத்தையும் ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். செத்தவனுக்கு என்ன வலிக்கப் போகுதுங்கிற எடம் வந்ததும் நிறுத்தினேன். "வாசி"ன்னா. வாசிச்சேன். அவ காலைப் பிடிச்சேன், காலை இழுத்துக்கிட்டா.

உங்க பேரை நான் சொல்லப் போறதில்ல. சொல்லாம இருக்கப் போறதும் இல்ல. அது இனி என் கையில இல்ல. கடுதாசியை அவகிட்டயே குடுத்துட்டேன். டின்னையும் கேட்டா, கழுவிக் குடுத்தேன். ரெண்டும் அவ வீட்டுலதான் இருக்கு. அவ என்ன செய்வாளோ எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல.

மதினி மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. பாப்பாவுக்கு இனி தாய்மாமன் சீர்னு எதுவும் வரக் கூடாது. வந்தா ரோட்டுல கொட்டுவேன்.

இந்தக் கடுதாசி எழுதும்போது வேலுத்தாயி பக்கத்துலதான் உக்காந்திருக்கா. "உனக்கு ஏதாச்சும் எழுதணுமாடி?"ன்னு கேட்டேன். கடுதாசின்னா மொதல்ல என்ன எழுதுவாகன்னு கேட்டா. நலமான்னு கேட்டு எழுதுவாகன்னேன்.

அதையே எழுதச் சொல்றா. மொக்கையன் பொண்டாட்டி வேலுத்தாயி கேக்குறா, நீங்க நலமா?

பூமாரி